கிளிக்குக்கு அல்ல, விற்பனைக்குத்தான் கமிஷன்
"அஃபிலியேட் (தன் லிங்க் மூலம் நம் பொருளைப் பரிந்துரைத்து விற்றுத் தருபவர்) வைத்தால் லிங்கில் விழும் ஒவ்வொரு கிளிக்குக்கும் நாம் காசு கொடுக்கணும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது கிளிக் விளம்பரக் கணக்கு, இது வேறு. மின்னூல், கோர்ஸ் விற்பவர்கள் பெரும்பாலும் விற்பனை நடந்தால் மட்டுமே கமிஷன் தருகிறார்கள். 500 ரூபாய் மின்னூலுக்கு 40% என்றால் 200 ரூபாய், அதுவும் வாங்கியவர் பணத்தைத் திரும்பக் கேட்டுவிட்டால் பொதுவாகக் கழிக்கப்படும். அதனால்தான் பலர் ரீஃபண்ட் கெடு முடிந்த பிறகே பட்டுவாடா செய்கிறார்கள்.

குக்கீ காலத்தையும் பாருங்கள், அதாவது லிங்கைக் கிளிக் செய்தவர் எவ்வளவு காலத்துக்குள் வாங்கினால் கமிஷன் உண்டு என்பதை. அமேசானில் வழக்கமாக 24 மணி நேரம்தான், டிஜிட்டல் பொருள்களுக்கு 30, 60 நாள்கூடத் தருவார்கள். அச்சுச் செலவு இல்லாத சரக்காச்சே, தாராளமாக இருக்கலாம்! சொந்த லிங்கிலேயே வாங்கி கமிஷன் அடிக்கும் கில்லாடிகளைத் தடுக்க மட்டும் விதிமுறையில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.