சிலியின் 10 சதவீதம்

ஆல்மா என்பது பல நாடுகள் பணம் போட்டுத் தென் அமெரிக்காவின் சிலியில் அமைத்த ரேடியோ தொலைநோக்கி; அதில் வானைப் பார்க்கும் நேரத்தை அவர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். "நிலம் கொடுத்ததற்காகச் சிலிக்கு 10 சதவீத நேரமா?" என்று அதைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை கேட்கிறது. வெறும் நிலமா அது? அட்டகாமா பாலைவனத்தில் சாக்நந்தோர் பீடபூமி, 5,000 மீட்டர் உயரம். மேலே வேலைக்குப் போகிறவர்கள் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு நடமாடுகிறார்கள். அந்த வறண்ட காற்று இல்லாவிட்டால் ஆல்மாவின் 66 ஆன்டெனாக்களும் இருந்தும் பிரயோஜனமில்லை; விண்ணிலிருந்து வரும் மில்லிமீட்டர் நீள ரேடியோ அலைகளைக் காற்றின் ஈரமே குடித்துவிடும். ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் தலா 33.75 சதவீதம், கிழக்கு ஆசியாவுக்கு 22.5 போகிறது. எனக்கென்னவோ சிலியின் பங்குதான் குறைவாகப் படுகிறது.

சரி, பணம் போடாத நாட்டுக்காரர் என்ன செய்வது? விண்ணப்பிக்கத் தடையில்லை. விண்ணப்பித்தவர் பெயரை மறைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். அதனால் ஆளைக் காட்டிக்கொடுக்கும்படி "எங்கள் முந்தைய ஆய்வில் காட்டியபடி" என்று ஒரு வரிகூட எழுதக் கூடாது. (பழக்கதோஷத்தில் வந்துவிடும், கவனம்.) அப்புறம், கட்டுரை தொடாத ஒன்று: எடுத்த தரவு பொதுவாக ஓராண்டுக்குப் பிறகு இணையக் காப்பகத்தில் எல்லோருக்கும் கிடைக்கும். நேரம் கிடைக்காத மாணவர் அதை இறக்கிக்கொண்டு ஆய்வைத் தொடங்கிவிடலாம்.