பருத்தி சாக்ஸ் மழையில் காலை நனையாமல் காக்குமா?

"வால்பாறை மழைக்குச் சுத்தப் பருத்தி சாக்ஸ் போடுங்கள், கால் ஈரமே ஆகாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. பருத்தி ஈரத்தை உறிஞ்சும், சரி. ஆனால் லேசில் விடாது. ஊறி வெளுத்த தோலில், குதிகால் பக்கம் ஷூ உரச உரசக் கொப்புளம் கிளம்பும். திருப்பூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. பனியனுக்குப் பருத்தியை அடித்துக்கொள்ள ஆளில்லை. நனைந்த ஷூவுக்குள் கதை வேறு. அங்கே மெல்லிய கம்பளியோ பாலியஸ்டர், நைலான் கலந்ததோ தேவலாம். கம்பளி ஓரளவு நனைந்தாலும் சில்லிடாது.

"வாட்டர்ப்ரூஃப் ஷூ போதும்" என்பதும் பாதிதான் சரி. கணுக்கால் வழியாக உள்ளே இறங்கிய தண்ணீர் எளிதில் வெளியேறாது. மாற்று சாக்ஸ் ஒரு ஜோடியைத் தண்ணீர் புகாத பையில் வையுங்கள். காலில் ஏறி ரத்தம் உறிஞ்சும் அட்டையைத் தடுக்க முழங்கால்வரை கட்டும் உறை தனி.