ட்ராலர் என்றால் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாமா?
ட்ராலர் யாட் என்பது மீன்பிடிப் படகின் சாயலில் கட்டிய, மெதுவாகப் போகும் உல்லாசப் படகு. 'அதில் ஒன்று வாங்கினால் போதும், சியாட்டிலில் இருந்து அலாஸ்கா வரை இன்சைட் பாசேஜ் முழுக்க ஏரி மாதிரிதான்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி, மீதி ஆளைக் கவிழ்த்துவிடும். இன்சைட் பாசேஜ் கரையோரத் தீவுகளுக்கு நடுவே போகும் கடல்வழி, தீவுகள் பெருங்கடல் அலையை மறைப்பது உண்மைதான், ஆனால் வழியில் வரும் குயின் சார்லட் சவுண்ட், டிக்சன் என்ட்ரன்ஸ் என்ற இரண்டு நீர்ப்பரப்புகளும் பசிபிக்கைப் பார்த்துத் திறந்து கிடக்கின்றன. அப்புறம் சீமோர் நேரோஸ் என்ற குறுகிய நீரிணை. அங்கே நீரோட்டம் 15 நாட் (மணிக்கு சுமார் 28 கி.மீ.) வரை போகும்; நீர்க்கோட்டில் 36 அடி நீளமுள்ள ட்ராலருக்கோ சுமார் 8 நாட்தான் வரும், எதிர்த்துப் போனால் எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் பின்னால்தான் நகர்வீர்கள். ஓட்டம் அடங்கும் நேரத்தை அட்டவணையில் பார்த்து, முன்னதாகவே போய்க் காத்திருந்துதான் நுழைய வேண்டும். விளம்பரத்தில் ட்ராலர் என்று போட்டதெல்லாம் பெருங்கடல் தாண்டும் படகும் கிடையாது. கிராண்ட் பேங்க்ஸ் 42 மாதிரியானவை செமி-டிஸ்பிளேஸ்மென்ட், அதாவது வேகமெடுத்தால் ஓரளவு நீருக்கு மேலே எழும் அடிப்பாகம் கொண்டவைதான், கரையோரப் பயணத்துக்கு அருமை, அவ்வளவே.