உடல் வரைபடம்: பென்சிலைச் சாய்க்காதீர்கள்

மார்ச் 8 வந்தால் போதும், பெண்கள் நலத்துக்கென்று ஒரு கோலப் போட்டி, ஒரு போஸ்டர் போட்டி. வெள்ளைவெளேரென்று ஒல்லியாக ஒரு பெண் படம், பக்கத்தில் "உன் உடலை நேசி". அதைப் பார்த்துவிட்டு யார் நேசிக்கப் போகிறார்கள்? வரைகிற கையும் வரையப்படுகிற உடம்பும் ஒரே பெண்ணுடையதாக இருந்தால்தான் ஓவியத்தால் ஏதாவது நடக்கும் என்பது என் கட்சி.

அதற்கு உருப்படியான வழி பாடி மேப்பிங் எனப்படும் உடல் வரைபடம். 2002-ல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஜேன் சாலமன் என்ற ஓவியர், கயலிட்சா பகுதியின் எச்.ஐ.வி. உள்ள பெண்களோடு செய்தது இதில் பேர்பெற்றது. ஆளுயரத் தாளில் தங்கள் உருவத்தை வரைந்து, கிருமி எங்கே இருக்கிறது, இந்தத் தழும்பு எதனால் வந்தது என்று உள்ளே தீட்டினார்கள். அங்கே அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. மருந்து பரவலாகக் கிடைக்காத காலம் அது.

நம் ஊர் சுய உதவிக் குழுவிலும் செய்யலாம். எட்டுப் பத்துப் பேர், மூன்று மணி நேரம், சாத்திக்கொள்ள ஒரு கதவு. ஆளுக்கு ஆறு சார்ட் தாள்: நெட்டுவாக்கில் மூன்று, பக்கத்தில் இன்னொரு மூன்று. டேப்பைப் பின்பக்கம் ஒட்டுங்கள். முன்பக்கம் ஒட்டினால் அதன்மேல் கிரேயான் பிடிக்காது. ஸ்கெட்ச் பேனா வேண்டாம், புடவையில் பட்டால் போகாது.

ஒருத்தி தாளில் மல்லாக்கப் படுக்க, இன்னொருத்தி அவள் உடம்பைச் சுற்றி வெளிக்கோடு போடுவாள். பெரும்பாலும் சொதப்புவது இந்த வெளிக்கோட்டில்தான். துண்டு கிரேயானால் வரைந்தால், பிடித்திருக்கும் விரல்கள் உடம்புக்கும் கோட்டுக்கும் நடுவே வந்துவிடும். பென்சில் முனை வெளியே சாய்ந்தாலும் இதே கதைதான். ஒவ்வொரு பக்கமும் 2 செ.மீ. தள்ளிப்போனால் இடுப்பின் அகலம் 4 செ.மீ. கூடிவிட்டது. போதாக்குறைக்குப் படுத்திருக்கும்போது வயிறும் தொடையும் பரவும், புடவை மடிப்பு வேறு. எழுந்து பார்க்கிறவள் சொல்லும் முதல் வார்த்தை "ஐயோ, இவ்வளவு குண்டா!" அதற்குப் பிறகு என்ன பேசினாலும் காதில் ஏறாது. அதனால் தேய்ந்து குட்டையாகாத, நீளமான பென்சிலைச் சீவி எடுத்து, செங்குத்தாகப் பிடித்து, அதன் பக்கவாட்டு உடம்பைத் தொட்டபடியே நகர வேண்டும். படுக்கும் முன்பே, கோடு கொஞ்சம் அகலமாகத்தான் வரும், ஏன் வரும் என்று சொல்லிவிடுங்கள். தொடையின் உட்பக்கத்தை அவளே வரைந்துகொள்ளட்டும். ஐந்து மாதம் தாண்டிய கர்ப்பிணியை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டாம். கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றும். சுவரில் தாளை ஒட்டி நிற்க வைத்து வரையலாம்.

தோல் நிறத்துக்குக் கடையில் "ஸ்கின் கலர்" என்று விற்கிற ரோஸ் கிரேயானை முதலிலேயே பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். காவி, பழுப்பு, கொஞ்சம் நீலம் கலந்தால் நம் நிறங்கள் எல்லாம் வரும். இது அழகுக்காக மட்டும் சொல்வதல்ல. மார்பில் அழற்சி வந்தால் "சிவந்திருக்கும்" என்றே படம் போடுகிறோம். கறுத்த தோலில் அது ஊதாவாகவோ இன்னும் கருத்தோ தெரியும். ரோஸ் நிற மார்பைப் பார்த்துப் பழகியவளுக்கு அது எப்படிப் பிடிபடும்?

அடுத்தது உள்ளுறுப்பு. கர்ப்பப்பை எங்கே என்று கேட்டால் பலர் தொப்புளுக்கு நேரே பெரிதாக வரைவார்கள். திருத்த அவசரப்படாதீர்கள், வரைந்து முடிக்கட்டும். பிறகு 7.5 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் வெட்டிய சிவப்புத் தாளை அடிவயிற்றில், முன் இடுப்பெலும்புக்குப் பின்னால் வரும்படி வையுங்கள். கர்ப்பத்தில் 12 வாரத்தில் அது எலும்புக்கு மேலே தட்டுப்படும், 20 வாரத்தில் தொப்புள் மட்டம், 36 வாரத்தில் விலா வரை. மூன்று வளைவு போட்டுக் காட்டினால் மூச்சு ஏன் வாங்கியது என்பது விளங்கிவிடும்.

கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்ற பயமும் இங்கேதான் வெளியே வரும். கருக்குழாயின் வாய் ஒரு மில்லிமீட்டர் அளவுதான், அந்த வழியே அது ஏறாது. அபூர்வமாகக் கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போவதுண்டு. காப்பர்-டியின் நூல் தட்டுப்படாவிட்டால் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசியில் வலியையும் தொந்தரவையும் படத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அப்போது சில அறிகுறிகளைப் பார்த்தால் படத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்: மார்பில் கட்டி, மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு ரத்தம், உறவுக்குப் பின் ரத்தம். அடிபட்ட இடத்தைக் குறித்தால் கூட்டத்தில் கிளறாதீர்கள். தனியே பேசி, 181 என்ற பெண்கள் உதவி எண்ணைச் சொல்லுங்கள்.

கடைசியாக, அறிக்கைக்கு ஃபோட்டோ கேட்கும் நிறுவனங்களுக்கு: தாளில் பெயர் எழுத வைக்காதீர்கள், செல்ஃபோன் வெளியிலேயே இருக்கட்டும். படம் வரைந்தவளுக்கே சொந்தம். வீட்டுக்குக் கொண்டுபோவதா, கிழித்துப் போடுவதா என்பது அவள் இஷ்டம். கண்காட்சிக்குக் கொடுப்பாளா என்று அன்றைக்கே கேட்காமல் ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். கூட்டத்தில் மறுக்கத் தயங்குகிறவள் அப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுவாள்.