மே மாதம் அங்கே பள்ளிக்கூடம் நடக்கும்

அண்ணன் மகள் நேற்று சாயங்காலம் வந்தாள். கையில் அச்சடித்த நோட்டீஸ், கூடவே ஒரு கவர். நோட்டீஸில் ஓர் ஆப்பிரிக்கக் குழந்தை கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறது. கீழே பைபிள் வசனம். கென்யாவில் நாலு வாரம், ஒரு பங்குக் கோயிலோடு (சர்ச்) சேர்ந்த பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் மறைக்கல்வியும், அதாவது வேதபாடமும், சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். ஆளுக்கு 1,50,000 ரூபாய் திரட்டணும்.

"அத்தை, நீங்கதான் முதல் கவரு போடணும். நீங்களே போய்ட்டு வந்தவங்கதானே."

போய் வந்தவள்தான். அதனால்தான் உடனே போட முடியவில்லை.

முதலில் பணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15-க்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியாச்சு, இனி ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. ராமேஸ்வரம் தீவில் எங்கள் தங்கச்சிமடத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் ஆம்பளைகள் வலை பொத்திக்கொண்டோ, வாசலில் சும்மா உட்கார்ந்தோ இருக்கிறார்கள். 61 நாளுக்கு அரசாங்கம் தருகிற நிவாரணம் 8,000 ரூபாய். இந்த நேரத்தில் இவள் கவரோடு வீடு வீடாகப் போகப்போகிறாள். யாரும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். கோயில் காரியம் என்றால் வட்டிக்கு வாங்கியாவது போடுகிற சனம் இது. அதுதான் உறுத்துகிறது.

2018-இல் நான் போனது இலங்கை மலையகத்துக்கு. ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம், அதற்குள் ஒரு சின்னக் கோயில். நாங்கள் ஆறு பேர், எல்லாருமே அப்போது கல்லூரி முடித்த வயது. தனுஷ்கோடியில் நின்றால் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் நாங்கள் மதுரைக்கு பஸ், கொழும்புக்கு விமானம், கோட்டை ஸ்டேஷனிலிருந்து ரயில், அப்புறம் மலை பஸ் என்று இரண்டு நாள் சுற்றிப் போய்ச் சேர்ந்தோம். 1914-இல் ரயிலும் கப்பலுமாகக் கொழும்புக்குப் போகிற போட் மெயில் ஓடத் தொடங்கிய காலத்தில்கூட இந்தத் தூரம் இதைவிடக் கிட்டத்தில் இருந்திருக்கிறது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியோடு அந்த ரயில் பாதையையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது.

கொழும்பில் விமானம் இறங்குவதற்கு முன்னால் கூட்டிப் போனவர் காதோடு சொன்னார்: "எதுக்கு வந்தீங்கன்னு கேட்டா, சுத்திப் பாக்கன்னு சொல்லுங்க." எங்கள் கையில் இருந்தது சுற்றுலா விசா. சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதில் வேலை பார்க்கக் கூடாது. ஆறு பேரும் வரிசையில் நின்று சிரித்த முகத்தோடு பொய் சொல்லிவிட்டு வெளியே வந்தோம். பெட்டிக்குள் பத்துக் கட்டளை சார்ட் இருந்தது, பொய்ச்சாட்சி சொல்லாதே என்கிற எட்டாவது கட்டளைக்கு நான்தான் சிவப்பு ஸ்கெட்ச் அடித்திருந்தேன்.

மே மாதம் நடுவில் போய் இறங்கினால், பிள்ளைகளைக் காணோம். எல்லாரும் பள்ளிக்கூடத்தில். நமக்குக் கோடை விடுமுறை என்றால் உலகத்துக்கே விடுமுறை என்று நினைத்திருக்கிறோம்! அங்கே நீண்ட லீவு ஏப்ரல் புத்தாண்டோடு முடிந்துவிடும், அடுத்தது ஆகஸ்டில்தான். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றரைக்குப் பள்ளி விட்டு, மலையேறி வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு மூணு மணிக்கு எங்களிடம் வந்தால் பாதிக் கண் மூடியிருக்கும். அவர்களை எழுப்பி நிறுத்தி ஆக்‌ஷன் சாங் ஆட வைத்தோம்.

போதாததற்கு மழை. எங்கள் ஊரில் மே மாதம் தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று மண்ணை வாரிக் கண்ணில் அடிக்கும், ஒரு சொட்டுத் தண்ணி கொண்டுவராது. ஏன் என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. அந்தக் காற்று மலையில் மோதினால்தான் தண்ணியைக் கொட்டும்; நம்ம பக்கம் வருவதற்கு முன்னாலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டிவிடுகிறது. மூணாம் நாளே சார்ட் பேப்பர் எல்லாம் ஊறிப்போச்சு. காலில் அட்டை. எங்களில் ஒருத்தி அட்டையைப் பார்த்து அலறியதுதான் பிள்ளைகளுக்கு அந்த மாதத்தின் பெரிய விளையாட்டு.

ஒரு நாள் வெளிநாட்டிலிருந்து வேதம் சொல்ல வந்த புனித சவேரியார் கதை சொன்னேன். கடற்கரைப் பிள்ளைக்கு அது தண்ணி பட்ட பாடு. 1542-இல் அவர் முத்துக்குளித்துறைக்கு (தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை) வந்தபோது தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை உட்கார வைத்து ஜெபங்களை மொழிபெயர்த்து, உருப்போட்டு, கையில் மணியை ஆட்டிக்கொண்டே தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். அவர் ஓரிடத்தில் தங்குகிற ஆள் இல்லை. அதனால் ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை வைத்துவிட்டுப் போனார்...

கணக்கப்பிள்ளை என்றதும் வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஒரு பையன் மட்டும் சிரிக்கவில்லை. "மிஸ், அவருதான் நேத்து எங்கம்மாவுக்கு அரைப்பேரு போட்டாரு" என்றான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் பக்கம் கணக்கப்பிள்ளை என்றால் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார். அப்புறம்தான் சொன்னார்கள். தோட்டத்தில் கணக்கப்பிள்ளை என்றால் வேலை வாங்குகிறவர். கொழுந்து நிறை குறைந்தால் ஒரு நாள் சம்பளத்தைப் பாதியாக்கி அரைப்பேர் எழுதுகிறவர். நான் சவேரியார் அந்த மாதிரி ஆளை ஊருக்கு ஒருத்தராக வைத்தார் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பேசுவது தமிழ்தான். இதற்கே இப்படியென்றால் கென்யாவில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பையனின் பாட்டியைப் பார்க்க, தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடான லயத்துக்குப் போனேன். எண்பது வயதிருக்கும். எந்த ஊர் என்று கேட்டார். தங்கச்சிமடம் என்றேன், தெரியவில்லை. ராமேஸ்வரம் பக்கம் என்றேன். "மண்டபமா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சின்னப் பிள்ளையாக அம்மா இடுப்பில் வந்தவராம். மண்டபத்தில் நாலஞ்சு நாள் அடைத்து வைத்து, துணிமணியை எல்லாம் வாங்கிக்கொண்டு போய் மருந்துப் புகை போட்டு, உடம்பில் நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் கப்பலில் விட்டார்களாம். "அங்கன குடுத்த சோறு இன்னும் நாக்குல இருக்கு, அம்புட்டு உப்பு" என்றார்.

மண்டபம் முகாம் எனக்கு எங்கள் பாலம் தாண்டினால் வருகிற ஒரு பஸ் ஸ்டாப். இலங்கை அகதிகள் இருக்கிற இடம் என்று மட்டும்தான் தெரியும். தேயிலைக்குப் போன சனத்தை வடிகட்டி அனுப்பிய இடமும் அதுதான் என்பதை, சொல்லிக்கொடுக்கப் போன நான் ஒரு லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். வெட்கத்தோடு இன்னொன்றும் சொல்கிறேன். அந்த முகாமுக்குள் நான் இன்றுவரை ஒரு பிள்ளைக்கும் ஒரு எழுத்தும் சொல்லிக்கொடுத்ததில்லை. (இதைப் படித்துவிட்டு "அப்ப உள்ளூர்லயே செய்யலாமே" என்று கமெண்ட் போட வருகிற அண்ணன்களே, நீங்கள் உள்ளூரில் செய்துகொண்டிருப்பதைச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.)

மூணு வாரம் ஓடிப்போச்சு. அந்தக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வியும் வார நாளில் முன்பள்ளியும் நடத்துகிற டீச்சர் ஒருத்தர் இருந்தார். நாங்கள் போனதிலிருந்து பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வகுப்பு, அவருடைய பிள்ளைகள், ஆனால் நாங்கள் ஆறு பேரும் போர்டைப் பிடித்துக்கொண்டோம். அவர் டீ ஊற்றிக் கொடுத்தார். ஒரு நாள் பிளாஸ்கை வைத்துவிட்டு என்னிடம் வந்து கேட்டார்: "நீங்க போயிருவீங்க மிஸ். புள்ளைங்க இந்தப் பாட்டையே கேட்டு அழும். அப்ப நான் என்னா செய்ய? எனக்கு மொதல்ல சொல்லிக் குடுங்களேன்."

அதற்கப்புறம் மிச்சம் இருந்தது ஆறு நாள். ஆங்கில எழுத்தைக் கூட்டி வாசிக்க வைக்கிற முறையை, எனக்குத் தெரிந்த அளவுக்கு, அவர் ஒருத்தருக்கு மட்டும் மத்தியானம் மத்தியானம் சொல்லிக்கொடுத்தேன். அவர் நாலே நாளில் அதைத் தேயிலைக்கும் கொழுந்துக் கூடைக்கும் மாற்றிவிட்டார். நான் மீனும் படகும் நங்கூரமுமாக அட்டை எழுதி எடுத்துப் போயிருந்தேன், கடலையே பார்க்காத பிள்ளைகளுக்கு! அந்த ஆறு நாள்தான் உருப்படி. முந்தின மூணு வாரமும் எங்கள் சந்தோஷத்துக்கு நாங்கள் போன டூர், அதில் எங்களுக்கு லாபம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

சவேரியார் சமாச்சாரத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அவருடைய மணி இல்லை. போர்ச்சுகல் அரசியின் செருப்புக்கென்று இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த வரிப்பணத்தைக் கேட்டு வாங்கி, ஊரில் இருக்கப்போகிற கணக்கப்பிள்ளைகளுக்குச் சம்பளமாகக் கொடுத்தாரே, அதுதான். அவருக்குப் பின்னால் வந்த ஹென்றிக்கஸ் அடிகள் தமிழை முறையாகப் படித்து, 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்கிற மறைக்கல்விப் புத்தகம் அச்சாகிற வரைக்கும் போனார். 1600-இல் சாகும்வரை அரை நூற்றாண்டு இந்தக் கரைதான் அவருக்கு எல்லாம். நாலு வாரத்துக்குப் போகிறவர்கள் தங்களை இவர்களோடு ஒப்பிட்டு நோட்டீஸ் அடிப்பதை நிறுத்தினால் நல்லது.

சரி, கென்யாவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 2011 கணக்குப்படி நூற்றுக்கு ஆறு பேர். கென்யாவில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல். மறைக்கல்வியை அவர்கள்தான் நமக்கு ஏற்றுமதி செய்யணும். ஆங்கிலமும் சுவாஹிலியும் அந்த நாட்டு ஆட்சிமொழிகள், பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் பரீட்சை எழுதுகிறார்கள். பயிற்சி முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் காத்திருக்கிற ஆசிரியர்கள் அங்கே ஏராளம். எங்கள் அண்ணன் மகள் பன்னிரண்டு வரை தமிழ் மீடியம். அவள் போனால் அவளுடைய இங்கிலீஷ் திருந்தும், அது நிச்சயம்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. இந்த வயதில் கடல் தாண்டி ஓர் ஊரில் நாலு வாரம் இருந்து, அவர்கள் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, நம்ம ஊரைத் திரும்பிப் பார்க்கிற வாய்ப்பு எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கும்? போகட்டும். படிக்கப் போகிறேன் என்று சொல்லிப் போகட்டும். அந்தப் பணத்தை அவளே ட்யூஷன் எடுத்துச் சேர்க்கட்டும், அண்ணனும் மதினியும் தரட்டும், நானும் தருகிறேன். தடைக்காலத்தில் ஊரிடம் தொண்டு என்று சொல்லிக் கை நீட்டக் கூடாது, அவ்வளவுதான்.

இதை இப்படியே அவளிடம் சொல்லவில்லை, முகம் வாடிவிடும். மூணே மூணு கேள்வி கேட்டேன். அந்த வகுப்பை இப்போது நடத்துகிற டீச்சர் பேர் என்ன? மே மாதம் அங்கே லீவா? என்ன விசாவில் போறீங்க? ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாச்சா என்றதற்கு, "அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க அத்தை" என்றாள். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னாடியே போடணும், இல்லாவிட்டால் திரும்பி வரும்போது ஆறு நாள் தனியாக வைத்துவிடுவார்கள் என்றேன். மண்டபத்துப் பாட்டி ஞாபகம் வந்தது. கவரை மேஜை மேல் வைத்துவிட்டு, டீ கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்தது: "அத்தை கேட்டுட்டேன். மே மாசம் அங்க ஸ்கூல் இருக்காம். டீச்சர் பேரு அவங்களுக்கே தெரியலயாம், விசாரிச்சுச் சொல்றாங்களாம்."

கவர் இன்னும் மேஜை மேல்தான் இருக்கிறது.