"ஆர்ச் போடுங்கள் அக்கா" என்று இனி யாராவது சொல்லிப் பார்க்கட்டும்

விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமாகிய லினக்ஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதில் ஒரு வகையான ஆர்ச் லினக்ஸ் மேல்கூட அவ்வளவாக இல்லை. பெங்களூரில் ஃபைபர் இணைப்பும், கரண்ட் போன அடுத்த நொடி உறுமத் தொடங்கும் அடுக்குமாடி ஜெனரேட்டரும் பக்கத்தில் இருக்க, கோத்தகிரியில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறவளிடம் "ஆர்ச் போடுங்கள் அக்கா, எல்லாவற்றையும் நாமே கட்டலாம், அப்போதுதான் கணினி என்றால் என்னவென்று புரியும்" என்று கூசாமல் சொல்கிறார்களே, அவர்கள் மேல்தான் என் வயிற்றெரிச்சல் முழுவதும்.

கணினியைப் புரியவையுங்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிகிறது என்றார்கள். கடைக் கணினி ஏழாம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 11 அதை ஏற்காது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைக் காயலான் கடையில் போட மனம் வரவில்லை. மகளிர் குழுத் தீர்மானம், பச்சைத் தேயிலைக் கணக்கு, பட்டா மாறுதல் மனு, கல்யாணப் பத்திரிகை. இவற்றைத் தமிழில் தட்டி அச்சடித்துக் கொடுக்க ஓர் இயங்குதளம் வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன். பந்தியில் வந்து உட்கார்ந்தவளிடம் அரிவாள்மணையை நீட்டி, முதலில் வெங்காயம் நறுக்கு என்றார்கள்.

பரிந்துரைத்தவன் சொந்தக்காரப் பையன். பாசக்காரன்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் பென் டிரைவில் ஏற்றித் திறந்ததும் வருகிற கறுப்புத் திரையைப் பார்த்து "இப்போது என்ன செய்வது?" என்று போனில் கேட்டால், அவன் குரலில் ஒரு குதூகலம். 2021 முதல் ஆர்ச்இன்ஸ்டால் என்ற நிறுவி அந்தப் பென் டிரைவிலேயே வருகிறது. கேள்வி கேட்டுக் கேட்டு அதுவே நிறுவிக்கொடுத்துவிடும். அது இருப்பதையே அவன் எனக்குச் சொல்லவில்லை. பிறகு கேட்டபோது "அது ஏமாற்று வேலை அக்கா, கையால் போட்டால்தான் ஆர்ச்" என்றான். யாரை யார் ஏமாற்றுவது? கடைக்குக் கணினி வாங்கியவள் நான், மின்கட்டணம் கட்டுகிறவள் நான். எளிய வழி ஒன்று இருந்தால் அதில் போவது எந்தத் தெய்வத்துக்குக் குற்றம்?

சரி, கையாலேயே போட்டோம். வட்டைப் பிரிப்பது, வடிவமைப்பது, ஏற்றுவது, நிரல் மூட்டைகளான அடிப்படைப் பொதிகளை இறக்குவது, நேர மண்டலத்துக்குக் கையாலேயே ஒரு கோப்பு இணைப்பு கொடுப்பது, மொழியைச் சொல்வது, துவக்கி நிரலை எழுதுவது. இதெல்லாம் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில். கைபேசியைச் சன்னலோரம் வைத்தால்தான் எங்கள் கடையில் சிக்னல். சாரல் அடித்தால் சன்னலைச் சாத்த வேண்டும், சாத்தினால் இறக்கம் நத்தை வேகம். ஒருவழியாக முடிந்தது. பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுதொடக்கம் செய்தேன். பயனர் பெயர் கேட்டது, கடவுச்சொல் கேட்டது, உள்ளே விட்டது.

உள்ளே வைஃபை இல்லை.

வைஃபை கருவி கெட்டுப்போகவில்லை. பென் டிரைவிலிருந்து ஓடியபோது இதே கருவி, இதே ஹாட்ஸ்பாட்டில், இதே மேசையில் வேலை செய்தது. காரணம் என்னவென்றால், பென் டிரைவில் இருக்கும் தற்காலிக ஆர்ச்சில் வைஃபையைப் பிடித்துக்கொடுக்கும் ஐடபிள்யூடி என்ற நிரல் இருக்கிறது. நாம் வட்டில் நிறுவுகிற ஆர்ச்சின் 'பேஸ்' தொகுப்பில் அது கிடையாது, நெட்வொர்க் மேனேஜரும் கிடையாது. வேண்டுமென்றால் நாமே பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். "பேஸ், லினக்ஸ், ஃபர்ம்வேர் மூன்றும் போதும் அக்கா" என்று போனில் சொன்ன மகானுக்கு இது தெரியாதா? தெரியும். அவன் மேசையில் கேபிள் இருக்கிறது, அதனால் நினைவுக்கு வரவில்லை. இணைய நிரலை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர இணைய நிரல் வேண்டும். கல்லாப்பெட்டிச் சாவியைக் கல்லாவுக்குள் போட்டுப் பூட்டிய கதை.

இன்னொருவர், அனுபவசாலி, ஆறுதல் சொன்னார். பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டிக்குள்ளேயே நெட்வொர்க்டி என்று ஒன்று இருக்கிறதாம், கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, ஒரு சிறு கோப்பில் நாலு வரி எழுதினால் இணையம் வந்துவிடுமாம். உண்மைதான், வரும். எதில் எழுதுவது? நானோ என்று தட்டினேன், அப்படியொரு கட்டளை இல்லை என்றது. விஐ என்று தட்டினேன், அதுவும் இல்லை. பேஸ் தொகுப்பில் ஓர் உரைத்திருத்தி கிடையாது. ஒரு கோப்பைத் திறந்து ஓர் எழுத்தை மாற்றுவதற்குக் கருவி இல்லாத இயங்குதளத்தை, கோப்புகளைத் திருத்தித்தான் நடத்த வேண்டும் என்கிறார்கள்! எக்கோ கட்டளையை வைத்து ஒவ்வொரு வரியாகக் கோப்புக்குள் தள்ளலாம், ஓர் அடைப்புக்குறி தப்பினால் முதலிலிருந்து. கடை வாசலில் ஒரு பாட்டி முதியோர் உதவித்தொகை மனுவோடு நின்றுகொண்டிருந்தார். "கம்ப்யூட்டர் ரிப்பேரா கண்ணு?" என்றார். ரிப்பேர் இல்லை பாட்டி, இது இப்படித்தான் இருக்க வேண்டுமாம்.

எப்படியோ இணையம் வந்த பிறகு, தமிழ் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விரித்தால் ரத்தக்கொதிப்பு ஏறும். உலாவியைத் திறந்தால் தமிழ் இருந்த இடமெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. நோட்டோ எழுத்துருக்களை நிறுவ வேண்டும். தட்டச்சுக்கு ஃபிசிட்எக்ஸ்5 வேண்டும், அதற்கு எம்17என் இணைப்பு வேண்டும், அதில் தமிழ்99 தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு சூழல் மாறிகளை ஒரு கோப்பில் எழுத வேண்டும். உலாவியில் வந்த தமிழ் லிப்ரெஆபிஸில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று தேட ஒரு மாலை. அச்சுப்பொறிக்குக் கப்ஸ் என்ற நிரலை நிறுவினால் மட்டும் போதாது, அந்தச் சேவையை இயங்கச் சொல்லித் தனியாக உத்தரவு போட வேண்டும். ஒலிக்குத் தனி, புளூடூத்துக்குத் தனி. வாடிக்கையாளர் பாமினி எழுத்துருவில் தட்டிக் கொண்டுவரும் பழைய கோப்புகளைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை நான்.

இத்தனையையும் பொறுத்துக்கொண்டேன். ஒருமுறை படும் பாடுதானே, ஓடத் தொடங்கிவிட்டால் நிம்மதி என்று நினைத்தேன். நிம்மதியா! ஆர்ச்சுக்குப் பதிப்பு எண்ணே இல்லை. புதிதாக வருவது வந்துகொண்டே இருக்கும், நாம் வாங்கி ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பொதியை மட்டும் புதுப்பிக்கிறேன், மற்றவை அப்படியே இருக்கட்டும் என்றால் அதற்கு ஆதரவு இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் புதுப்பிக்க வேண்டும். நாளுக்கு ஒன்றரை ஜிபி கைபேசித் திட்டத்தில் இருப்பவளுக்கு இது எப்படி இருக்கும்? சரி, வேண்டாம் என்று சில மாதம் விட்டுவைத்தால், பொதி அசல்தானா என்று சரிபார்க்கும் கையெழுத்துச் சாவிகள் பழசாகி, இறக்கிய பொதிகளை நம்ப மாட்டேன் என்று பொதிகளை நிறுவும் நிரலான பேக்மேன் முறைத்துக்கொள்ளும். முதலில் சாவித் தொகுப்பைப் புதுப்பித்துவிட்டு வர வேண்டும். புதுப்பிக்கும் முன் அறிவிப்புப் பக்கத்தையும் படிக்க வேண்டும். 2025 ஜூன் 21-ஆம் தேதி ஓர் அறிவிப்பு வந்தது. வைஃபை போன்ற கருவிகளுக்குத் தேவையான லினக்ஸ்-ஃபர்ம்வேர் பொதியை முதலில் பலவந்தமாக நீக்கிவிட்டு, பிறகு புதிதாக நிறுவுங்கள் என்று. ஜெராக்ஸ் கடைக்காரி காலையில் எழுந்து ராசிபலன் பார்ப்பதுபோல் ஃபர்ம்வேர் பலன் பார்க்க வேண்டுமாம்.

இனி மழைக்கு வருகிறேன். நீலகிரியின் மேற்கில் கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் ஊற்றும். எங்கள் கோத்தகிரிச் சரிவுக்கு ஐப்பசி, கார்த்திகைதான். காற்றடித்தால் சீகை மரமோ கற்பூர மரமோ கம்பி மேல் சாயும், கரண்ட் போகும். 1932-லேயே பைக்காராவில் தண்ணீரை விழவைத்து மின்சாரம் எடுத்த மலை இது. சமவெளிக்கு விளக்கேற்றிவிட்டு நாங்கள் மெழுகுவர்த்தி தேடுவோம். அதற்காக யாரையும் குறை சொல்லவில்லை, கொட்டும் மழையில் கம்பம் ஏறுகிறவர்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். கரண்ட் போகும் என்பதை வைத்துத்தான் இங்கே எதையும் திட்டமிட வேண்டும் என்கிறேன். யுபிஎஸ் இல்லையா என்று கேட்காதீர்கள். இருக்கிறது. மழைக்காலத்தில் அதன் பேட்டரி முழுதாக ஏறுவதே இல்லை.

அப்படியொரு மாலை. புதுப்பித்தல் ஓடிக்கொண்டிருக்கிறது. பொதிகள் எல்லாம் இறங்கி, நிறுவப்பட்டு, கடைசிக் கட்டம். துவக்கத்துக்குத் தேவையான இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை, இயங்குதளத்தின் மையக்கருவான கர்னலின் புதுப் பதிப்புக்காகக் கட்டிக்கொண்டிருக்கிறது. திரையில் அந்த வரி வந்து நிற்கிறது. கரண்ட் போனது. யுபிஎஸ் கீச்கீச்சென்று கத்தியது, கத்திக்கொண்டே செத்தது. கரண்ட் திரும்பியபோது கணினி திரும்பவில்லை. இயங்குதளம் இருக்கும் ரூட் பகுதியை ஏற்ற முடியவில்லை என்று கர்னல் பேனிக், அதாவது துவங்காமலேயே நின்றுவிட்டது.

இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்ற மற்ற லினக்ஸ்கள் எல்லாம் புதுக் கர்னலை ஏற்றும்போது பழையதை ஓரமாக வைத்திருக்கும். புதுசு படுத்தால் பழசில் எழுந்துகொள்ளலாம். ஆர்ச்சில் பேக்மேன் பழையதை எடுத்துவிட்டுத்தான் புதியதை அதே இடத்தில் வைக்கும். துணைக்கு ஒன்று வேண்டுமானால் நீண்டகால ஆதரவுள்ள எல்டிஎஸ் கர்னலை நாமே தனியாக நிறுவி வைத்திருக்க வேண்டும். மலையில், மழையில், ஒற்றைக் கணினிக் கடைக்கு ஆர்ச்சைப் பரிந்துரைத்தவன் முதல் நாள் முதல் வார்த்தையாகச் சொல்லியிருக்க வேண்டியது இது அல்லவா? "ஓ, எல்டிஎஸ் போடவில்லையா அக்கா?" என்று பிறகு கேட்கிறான்! போடச் சொன்னது யார்?

சரிசெய்யும் வழி உண்டு. பென் டிரைவில் துவக்கி, வட்டை ஏற்றி, ஆர்ச்-சிஹெச்ரூட் என்ற கட்டளை மூலம் உள்ளே போய், பாதியில் நின்ற பேக்மேன் விட்டுப்போன பூட்டுக் கோப்பை அழித்து, இறக்கி வைத்த கர்னல் பொதியை மறுபடி நிறுவினால் போதும். அதைச் செய்ய இணையம் தேவையில்லை. எப்படிச் செய்வது என்று படிக்கத்தான் இணையம் தேவை. கரண்ட் போய்ச் சில மணி நேரத்தில் செல் கோபுரமும் படுத்துவிடும் ஊரில், "விக்கியைப் பாருங்கள்" என்கிறார்கள். ஆர்ச் விக்கி அருமையானது, ஒத்துக்கொள்கிறேன். மற்ற லினக்ஸ்காரர்களும் அதைத்தான் புரட்டுகிறார்கள். அதை முழுதாகக் கணினியிலேயே வைத்துக்கொள்ள ஒரு பொதிகூட உண்டு. அது எங்கே இருந்தது? துவங்காத கணினிக்குள்.

ஊரில் கணினி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனால், "லினக்ஸா? வேண்டாம் அக்கா, விண்டோஸ் போட்டுத் தருகிறேன்" என்று கையை விரிக்கிறார். இல்லையென்றால் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும், போகவர ஒரு நாள் வேலை கெட்டது. நாமே செய்துகொள்வது என்றால் செய்யத் தெரியாத அன்றைக்குச் செய்து தர ஆள் இல்லை என்று அர்த்தம்.

அதிகாரபூர்வக் களஞ்சியத்தில் இல்லாததை, பயனர்களே பொதிகளை ஏற்றும் ஏயுஆரில் எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். அங்கே யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். 2018-இல் கைவிடப்பட்டுக் கிடந்த அக்ரோரீட் என்ற பிடிஎஃப் வாசிப்பான் பொதியை ஒருவர் தத்தெடுத்து அதில் தீநிரல் சேர்த்தார். 2025 ஜூலையில் உலாவிகளின் பெயரை ஒட்டவைத்து, தொலைவிலிருந்து கணினியைக் கைப்பற்றும் நிரலோடு சில பொதிகள் ஏறின. கண்டுபிடித்து நீக்கிவிட்டார்கள், உண்மை. நிறுவும் முன் கட்டுமான நிரலை நீங்களே வாசித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஆதார் நகலும் வங்கிப் புத்தக நகலும் வந்துபோகும் கணினி இது. அந்தக் கட்டுமான நிரலில் நஞ்சு எந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்று நான் கண்டுபிடிக்க வேண்டுமாம்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? ஆர்ச்காரர்கள் நேர்மையானவர்கள். 2002-இல் ஜட் வினெட் தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் இதை எல்லாருக்குமானது என்று விற்கவில்லை. தேர்ந்தவர்களுக்கும், ஆவணங்களைப் படித்துத் தன் பிரச்சினையைத் தானே தீர்க்க விரும்புகிறவர்களுக்கும் என்று அவர்கள் விக்கியிலேயே எழுதியிருக்கிறது. யார் ஆர்ச்சைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் ஒரு பகுதி இருக்கிறது: தானாக அமைந்துகொள்ளும் இயங்குதளம் வேண்டும் என்பவர், இதற்கெல்லாம் நேரமில்லாதவர். என் கடைப்பலகையைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது. செய்தவர்களே வேண்டாம் என்று எழுதிவைத்திருப்பதை, பயன்படுத்துகிறவர்கள் மறைத்து நம் தலையில் கட்டுகிறார்கள். அவர்களுக்கு ஒரு பக்தர் வேண்டும். அந்தப் பக்தர் விழுந்தால் "நீங்கள் படிக்கவில்லை" என்று ஒரு கண்டிப்பு. நான் படித்ததெல்லாம் மனுதாரர்கள் வாசலில் காத்திருக்கும்போது, அணைந்து அணைந்து வருகிற வெளிச்சத்தில். அவர்கள் படித்தது விடுதி அறையில், ராத்திரி முழுக்க, அடுத்த நாள் யாருக்கும் எதையும் அச்சடித்துத் தர வேண்டிய அவசியமில்லாத வயதில்.

இப்போது கடையில் டெபியன் 13. 2025 ஆகஸ்டில் வந்தது, சில வருடம் அப்படியே கிடக்கும். தேவையான பாதுகாப்புத் திருத்தங்கள் சிறிய அளவில் வரும். நெட்வொர்க், அச்சு, ஒலி எல்லாம் அதுவே வைத்தது. அடுத்த மழைக்குப் பழைய கர்னலும் துவக்கப் பட்டியலில் காத்திருக்கிறது. செய்தி தெரிந்து பையன் போன் செய்தான். "டெபியனா? அதில் எல்லாமே பழைய பதிப்பாக இருக்குமே அக்கா" என்றான், யாரோ செத்துப்போன குரலில்.

ஏன் தம்பி, லிப்ரெஆபிஸ் பழைய பதிப்பு என்று தாசில்தார் மனுவைத் திருப்பி அனுப்பிவிடுவாரா?