இன்னும் கொஞ்சம் போட்டீங்கன்னா...

பறவைப் படம் எடுக்க நாற்பதாயிரத்துக்குள் ஒரு லென்ஸ் சொல்லுங்கள் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். நாற்பதாயிரத்துக்கு என்ன கிடைக்கும் என்று மட்டும் சொல்லவே மாட்டார்கள். "இன்னும் கொஞ்சம் போட்டீங்கன்னா புது சிக்மா 150-600 வாங்கிடலாமே" என்பார் ஒருவர். சரி என்று அதை விசாரிக்கப் போனால், "அதுக்கு நிக்கான் 200-500 எவ்வளவோ மேல்" என்பார் அடுத்தவர். அது 2.3 கிலோ, கையில் தாங்காது, நல்ல டிரைபாட் வேண்டும், அதற்கு மேல் கனமான லென்ஸைத் தாங்கித் திருப்புகிற கிம்பல் ஹெட் வேண்டும் என்பார் மூன்றாமவர். கடைசியில் ஒருவர் வந்து, "உங்க கேமரா பாடியே பழசு, முதல்ல அதை மாத்துங்க" என்று முடித்துவைப்பார். கேட்டது நாற்பதாயிரத்துக்கு, போய் நிற்பது இரண்டு லட்சத்தில்.

இந்த "இன்னும் கொஞ்சம்" யாருக்கய்யா கொஞ்சம்? மாதம் இருபதாயிரம் சம்பளம் வாங்குகிறவருக்கு அந்த நாற்பதாயிரமே சீட்டுப் போட்டுச் சேர்த்த காசு. வீட்டில் பேசி, வேறு ஏதோ ஒரு செலவைத் தள்ளிவைத்து எடுத்த முடிவு அது. அதைக் காதிலேயே வாங்காமல் அறிவுரை சொன்னால் வயிறு எரிகிறது.

சரி, பதில்தான் சொல்லவில்லை, விஷயத்தையாவது சொல்கிறார்களா? எல்லாருக்கும் எம்எம் கணக்குதான், அது கூடக் கூடத் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும். 300, 600, 800. வெளிச்சத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. வேடந்தாங்கலில் காலை ஆறரைக்குக் கரையில் நின்று, ஏரிக்குள் மரத்தில் இருக்கும் நத்தைகுத்தி நாரையை எடுக்க நீளமான லென்ஸ் வேண்டும்தான். ஆனால் 150-600 ஜூம்களை முழுக்க நீட்டினால் எஃப்/6.3; இந்த எஃப் எண் கூடக் கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும். பத்து லட்சத்துக்கு மேல் விற்கிற 600 எஃப்/4 அதைவிட இரண்டரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அந்த லென்ஸில் எடுத்த படத்தைக் காட்டி ஆசையைக் கிளப்பிவிட்டு, இந்த ஜூம்களில் வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று ஏற்ற வேண்டிவரும், படம் புள்ளி புள்ளியாகும் என்பதை மறைப்பது என்ன நியாயம்? கேனான் ஆர்எஃப் 600 எஃப்/11 இருக்கிறது; 930 கிராம்தான், கேனானின் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) பாடி வைத்திருப்பவருக்கு விலையும் பரவாயில்லை. ஆனால் எஃப்/5.6இல் வருவதில் கால்வாசி வெளிச்சம்தான் அதில் வரும். நல்ல வெயிலில் பள்ளிக்கரணையில் பூநாரை எடுக்கலாம். கொல்லைப்புற நிழலில் துள்ளும் தையல்சிட்டுக்கு அதை நம்பிப் போனால் ஏமாற்றம்தான்.

கடைக்காரர்கள் இதற்கும் ஒரு படி மேல். கல்லூரியில் படிக்கிற என் அக்கா மகன் கேமராவோடு இரண்டு ஜூம் லென்ஸ் சேர்ந்து வரும் நிக்கான் டபுள் ஜூம் கிட் வாங்கப் போனான். பறவைக்குத்தான் என்று சொல்லியே கேட்டிருக்கிறான். "70-300 இருக்கு தம்பி, பறவைக்கு இதை அடிச்சுக்க முடியாது" என்று கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நிக்கானில் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 இரண்டு வகை உண்டு. ஒன்றில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் விஆர் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. லென்ஸின் உடம்பில் விஆர் என்ற இரண்டு எழுத்து இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். அவனுக்குக் கொடுத்தது இல்லாதது. அந்த கேமராவின் சென்சார் சிறியது என்பதால் அதில் 300 என்பது 450க்குச் சமம். கையில் பிடித்து ஆடாமல் எடுக்க ஷட்டர் வேகம் 1/500 நொடியாவது வேண்டும். விடிகாலை மர நிழலில் அது எங்கே கிடைக்கும்? மறுநாளே திரும்பப் போனான். "பெட்டியைப் பிரிச்சாச்சு, மாத்த முடியாது." படிக்கிற பையன் காசு அது!

விஆர் இருந்தாலும் அது நம் கை ஆடுவதற்குத்தான். பறக்கிற பறவைக்கு எப்படியும் ஷட்டர் வேகம் 1/1600 நொடிப் பக்கம் போயாக வேண்டும். இதைத் தெளிவாகச் சொல்லியிருந்தால், அமர்ந்த பறவைதான் வேண்டும் என்பவர் ஒன்றை வாங்குவார், பறப்பது வேண்டும் என்பவர் வேறொன்றைத் தேடுவார். 1993இல் வந்த கேனான் 400 எஃப்/5.6இல் நடுக்கத் தடுப்பு கிடையாது, எடை 1250 கிராம். பறக்கும் பறவைக்கு இன்றைக்கும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாசல் செம்பருத்திக்கு வருகிற தேன்சிட்டுக்கு கேனான் 55-250 எஸ்டிஎம் பழையது ஒன்று போதும். நாற்பதாயிரத்தில் பாதிகூட ஆகாது. இப்படிப் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

பழையது வாங்கலாம் என்றால் அங்கே பூஞ்சை. சென்னை ஈரக்காற்றில் லென்ஸைப் பையிலேயே போட்டு வைத்திருந்துவிட்டு, "லேசா டஸ்ட் சார், படத்துல வராது" என்று சொல்லி விற்கிறார்கள். மொபைல் டார்ச்சைப் பின்பக்கக் கண்ணாடியில் அடித்து முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாக ஓடினால் அது தூசு இல்லை. டார்ச்சை எடுத்ததும் முகம் மாறுகிறவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

எனக்குப் பொறுக்கவே முடியாதது இன்னொன்று. நிக்கான் பி900 போன்ற சூப்பர்ஜூம் கேமராவோடு கரையில் நிற்பவரைப் பார்த்து, பெரிய லென்ஸ்காரர்கள் சிரிக்கிற சிரிப்பு. சென்சார் சிறியது, மங்கலான வெளிச்சத்தில் திணறும், எல்லாம் உண்மை. ஆனால் 2000 எம்எம்முக்குச் சமமான தூரம் வரைக்கும் போகும் ஜூம் அது. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் தூரத்தில் நிற்கும் உள்ளான் என்ற சிறு கரைப்பறவையின் காலும் அலகும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, இன்ன பறவை என்று உறுதி செய்ய அது தாராளம். அவர் பறவை பார்க்க வந்தவர். அவர் கையில் இருப்பதை "இதெல்லாம் கேமராவா?" என்று கேட்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?